முண்டந்துறைக் காட்டுக்குள்ளே

பாபநாசம் போகிறவர்கள் அகஸ்தியர் அருவியில் குளித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் மேலே ஏறுங்கள், சகோதரிகளே! களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து 1988-ல் புலிகள் காப்பகமாயிற்று. புலியா? எங்கள் கண்ணில் பட்டதென்னவோ குரங்கும் மிளாவும்தான்.

காரையாற்றில், தாமிரபரணிக் கரையிலேயே சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே பட்டவராயனுக்குச் செருப்புதான் காணிக்கை! செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்த அந்தணர் முத்துப்பட்டன்தான் இந்தப் பட்டவராயன். கட்டிவிட்ட செருப்பு வருஷத்துக்குள் தேய்ந்திருக்குமாம், சாமி போட்டு நடப்பதால்! வில்லுப்பாட்டில் இந்தக் கதையைக் கேட்டால் அழாமல் எழுந்திருக்க முடியாது.

ஆடி அமாவாசைக்குக் கூட்டம் தாங்காது. கைக்குழந்தைக்காரர்கள் வேறு நாள் பாருங்கள், அனுமதி நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். புளியோதரையைத் தூக்குச்சட்டியில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். குளித்த பழந்துணியை ஆற்றோடு விடுகிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பாறையில் சிக்கி நாறுகிறது. கீழே அத்தனை ஊரிலும் பிள்ளைகளுக்கு நாம் காய்ச்சிக் கொடுப்பது இந்தத் தண்ணீரைத்தானே!