அந்த ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பயம்?

2024இல் சமோவா காமன்வெல்த் மாநாட்டுக்குப் புறப்படும் முன்பே பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மர் கதவைச் சாத்திவிட்டார். அடிமை வணிகத்துக்கு மன்னிப்பும் கிடையாது, இழப்பீடும் கிடையாது. வருங்காலத்தைப் பார்ப்போம் என்றார். 'இன்று மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது, வெறும் வார்த்தைதானே' என்று நம்மூரிலும் சிலர் ஒத்து ஊதுகிறார்கள். வெறும் வார்த்தை என்றால் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே?

2013 ஜூனில் அன்றைய பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக், 1950களில் காலனி ஆட்சிக்கு எதிராக எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியின்போது கென்யர்கள் காலனி அரசால் சித்திரவதைக்கு ஆளானதை நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 'வருந்துகிறோம்' என்றார். சட்டப்படி நாங்கள் பொறுப்பல்ல என்பதையும் அதே உரையில் சேர்த்துக்கொண்டார். அதுவும் தானாக வரவில்லை. முதிய கென்யர்கள் லண்டன் நீதிமன்றப் படியேறிய பிறகே, ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் பதுக்கி வைத்திருந்த காலனிக் கோப்புகள் 2011இல் வெளியே வந்தன. முடிவில் 5,228 பேருக்கு, வழக்குச் செலவும் சேர்த்து, 1.99 கோடி பவுண்டு.

இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னோர் எண் வந்து உறுத்துகிறது: 2 கோடி பவுண்டு. 1833இல் அடிமை முறையை ஒழித்த சட்டம் ஒதுக்கிய இழப்பீடு அது. அரசின் ஆண்டுச் செலவில் சுமார் 40 சதவீதம். போய்ச் சேர்ந்தது அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்குக் காலணா இல்லை; 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் 1838 வரை பழைய எஜமானிடமே கூலியின்றி உழைத்தார்கள். 180 ஆண்டுகள் கழித்துச் சித்திரவதைக்கு ஆளான கென்யர்களுக்குக் கிடைத்தது, அன்றைய பணத்தில் முதலாளிகள் வாங்கியதைவிடக் குறைவு!

தாத்தா செய்ததற்குப் பேரன் எப்படிப் பொறுப்பு என்று இனி எவரும் கேட்க வேண்டாம். 1833 இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் முழுதாக அடைபட்ட ஆண்டு 2015. பேரன்கள்தான் கட்டினார்கள், அடிமைகளின் வாரிசுகளும் வரியாகக் கட்டினார்கள். கடன் வாரிசுக்கு இறங்கும், பழி மட்டும் இறங்காதா?

ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கும் 2019இல் அன்றைய பிரிட்டன் பிரதமர் தெரசா மே தந்தது 'ஆழ்ந்த வருத்தம்'தான். வருத்தத்தை யாரும் தெரிவிக்கலாம். மன்னிப்பு, செய்தது நான் என்ற வாக்குமூலம். அதற்கு அடுத்த வரி கணக்கு. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்ததற்கு அமெரிக்கா 1988இல் சட்டம் போட்டே மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் தந்தது. அந்த நாடு திவாலாகிவிடவில்லை.

சமோவாவுக்கு அடுத்த காமன்வெல்த் மாநாடு ஆன்டிகுவாவில், அடிமைகள் கரும்பு வெட்டிய தீவில். மன்னிப்பும் தொகையும் ஒரே தாளில் எழுதப்படாத எந்த அறிக்கையிலும் இந்தியா அங்கே கையெழுத்திடக் கூடாது.