சில்லு சுத்தினால் போதுமா?

"சில்லு சுத்துதுதானே, பிறகென்ன?" எங்களில் ஒருவர் கேட்ட கேள்வி இது. பரீட்சை முடிந்த கையோடு, திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டு முற்றத்தில், பழைய ஸ்பிளெண்டர் ஒன்றின் முன்சில்லைக் கழற்றி ரியூப் மாற்றிப் பூட்டியிருந்தோம். நாலு பேரும் கலைப்பீடம். யூடியூப் பார்த்துச் செய்த வேலை. காசு மிச்சம் எண்ட பெருமை வேற.

ஆனால் சில்லு அரைச் சுற்றோடு நின்றது. நட்டை இளக்கினால் சுத்துது, இறுக்கினால் பிடிக்குது. அப்ப கொஞ்சம் இளக்கமா விட்டிட்டு ஓடுவம் எண்டு ஒரு யோசனை வந்தது. பயப்பட வேண்டியது இந்த யோசனைக்குத்தான். அச்சு நட்டு இறுகத்தான் வேணும். இறுக்கச் சில்லு பிடிக்குதெண்டால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று தன்ர இடத்தில் இல்லை.

திரும்பக் கழற்றினோம். மீற்றரைச் சுற்றும் பற்சக்கரத்தின் காதுகள் சில்லுக் குடத்தின் வெட்டுகளுக்குள் இறங்காமல் மேலே ஏறி நின்றன. இன்னும் இறுக்கியிருந்தால் நசிந்திருக்கும். சரியாக்கிப் பூட்டினோம், சுத்தியது, கை தட்டினோம். அப்போதுதான் பக்கத்து ஒழுங்கை கராஜ்கார அண்ணை வந்து குனிந்து பார்த்தார். பிறேக் தட்டின் பள்ளத்துக்குள் போர்க்கின் முட்டு இல்லை.

"தம்பியவை, இதோட போய் பிறேக் பிடிச்சால் தட்டும் சேர்ந்து சுத்தும். சில்லு இறுகும். ஹாண்டிலுக்கு மேலால போவியள்."

அன்று பின்னேரம் அந்தச் சைக்கிளில் தங்கச்சியை ரியூசனுக்கு ஏற்றிப்போக இருந்தவர் எங்களோடுதான் நின்றார். ஒருவரும் கதைக்கவில்லை.

'கராஜுக்குக் குடுத்திருக்கலாமே' எண்டு வீட்டார் சொல்லுவினம். நாங்கள் உடன்படவில்லை. லைசன்ஸ் எடுக்கேக்க எங்களிட்ட வீதிச் சமிக்ஞை கேட்டார்கள், சில்லைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஓடுகிறவருக்கே தெரியாவிட்டால், நாளைக்கு வேறு யாரும் பிழையாகப் பூட்டித் தந்தாலும் அதில் ஏறித்தான் போவோம். எங்கள் பிழை நாங்களே பூட்டியதல்ல. சுத்துவதை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டது. சில்லைத் தூக்கிச் சுழற்றி பிறேக் பிடித்துப் பார்க்கவில்லை. முற்றத்தில் தள்ளிக்கொண்டு போய், மீற்றர் முள் அசையுதா, பிடித்தால் நிற்குதா எண்டும் பார்க்கவில்லை. பத்து நிமிச வேலை.

அண்ணை தட்டைப் பொருத்தி, எங்களில் ஒருவரை பிறேக் லீவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நட்டை இறுக்கினார். அப்பதான் பிறேக் சூ ரெண்டும் நடுவுக்கு வருமாம். இது நாங்கள் பார்த்த வீடியோவில் இல்லை. காசு வாங்கவில்லை. அடுத்தமுறை கழற்ற முதல் போனில் படம் எடுத்து வையுங்கோ எண்டார்.

படம் எடுத்துத்தான் இருந்தோம். அதில் எங்கட முகங்கள்தான் தெரியுது.