ஆவணத்தில் பெயர் இல்லையா? கறுப்பினப் பெண்களைத் தேடும் டிஜிட்டல் ஆய்வு

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது 1865-ல். ஆனால், 1830-லேயே ஃபிலடெல்ஃபியாவில் சுதந்திரக் கறுப்பின மக்கள் மாநாடு கூட்டி உரிமைகளைப் பேசினார்கள். 1890-கள் வரை இப்படிப் பல மாநாடுகள் நடந்தன.

எப்படித் தொடங்கியது?

2012-ல் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கேப்ரியல் ஃபோர்மன் எடுத்த வகுப்பு ஒன்றில் பிறந்தது ‘கலர்டு கன்வென்ஷன்ஸ் ப்ராஜெக்ட்’. சிதறிக் கிடந்த மாநாட்டுக் குறிப்புகளைத் தேடியெடுத்து, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஆன்லைனில் ஏற்றினார்கள்.

சிக்கல் என்ன?

குறிப்புகளில் இருப்பவை பெரும்பாலும் ஆண் பிரதிநிதிகளின் பெயர்கள்தான். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, தங்க இடம் கொடுத்த பெண்களைக் காணோம். அப்படியே டேட்டாபேஸில் ஏற்றினால், பழைய புறக்கணிப்பும் சேர்ந்தே ஏறிவிடும்.

அதனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இந்த ஆவணங்களை வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர், ஓர் ஆண் பிரதிநிதியைப் பற்றி ஆய்வு செய்யச் சொன்னால், அவரோடு தொடர்புடைய மனைவி, மகள், சகோதரி என ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றியும் தேடச் சொல்ல வேண்டும்.

ஏன் முக்கியம்?

தேடுபொறியோ ஏஐயோ, டிஜிட்டலில் இருப்பதை வைத்துத்தான் பதில் சொல்லும். அங்கே பெயர் இல்லாதவர்கள், வரலாற்றிலேயே இல்லாதவர்கள் போல ஆகிவிடுவார்கள்.