மூளையைப் போர்த்திய தாயுறை

திருக்கோவிலூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் நாற்று நடவும் கரும்பு வெட்டவும் செல்லும் தாய்மார் சிலர், தலையின் ஒரு புறத்தை அழுத்திப் பிடித்தபடி, "மண்டையிடி" என்று வந்து படுத்துக்கொள்வதை நாம் காண்கிறோம். வெளிச்சம் ஆகாது, ஓசை ஆகாது, வாந்தியும் வரும். "பித்தம்" என்பார் சிலர். "வேலைக்குப் பயந்த பாசாங்கு" என்பாரும் உளர். பின்னைய சொல் நோயினும் கொடிது. ஒற்றைத் தலைவலியின் உண்மை யாதென இத்திங்கள் காண்போம்.

மூளைக்குத் தன் வலி தெரியாது. நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையில் அறுவை செய்ய இயல்வது இதனாலேயே. ஆனால் அம்மூளையை இறைவன் மூன்று உறைகளால் போர்த்திக் காத்துள்ளார். வெளியே தடித்தது டியூரா மேட்டர். இடையே சிலந்தி வலை போன்றதோர் உறை. மூளையை ஒட்டி மெல்லியது பையா மேட்டர். 12ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவ நூலை இலத்தீனில் பெயர்த்தபோது தோன்றிய பெயர்கள் இவை. 'மேட்டர்' என்றால் தாய். பிள்ளைக்காகத் தாய் நோவதுபோல, மூளைக்காக நோவது வெளியுறையும் அதன் இரத்தக் குழாய்களுமே. அமெரிக்க மருத்துவர்களான ரே, உல்ஃப் ஆகியோர் அறுவையின்போது சோதித்தறிந்து 1940இல் இதனை வெளியிட்டனர்.

முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் முக்கிளை நரம்பின் நுனிகள் இவ்வுறையிலும் பரவியுள்ளன. அவை கிளர்ச்சியுற்றால் சி.ஜி.ஆர்.பி. என்னும் பொருள் சுரக்கிறது, குழாய்கள் விரிகின்றன, நரம்பின் உணர்ச்சி கூர்மையடைகிறது. அப்போது நாடித்துடிப்பும் சம்மட்டி அடியாகும். குனிந்தால் வலி மிகும். சீப்புப் பட்டாலும் நோகும். இவ்வழியை ஆராய்ந்த மாஸ்கோவிட்ஸ் உள்ளிட்ட நால்வருக்கு 2021இல் 'பிரெயின்' பரிசு கிடைத்தது. அப்பொருளின் செயலைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2018 முதல் வழக்கில் உள்ளன. ஆகவே இது பாசாங்கன்று. உடலில் நிகழும் மெய்யான நோய்.

வெறும் வயிறு, உறக்கக் குறைவு, கடும் வெயில், மாதவிலக்கு ஆகியவை பலருக்கு இதனைத் தூண்டும். தவக்காலத்தில் ஒருசந்தி இருந்து துன்புறுவோர், நோயுற்றோரைத் திருச்சபை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை அறிவார்களாக. கடையில் மாத்திரை வாங்கி மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் விழுங்கினால், அம்மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். மருத்துவரை நாடுவதே முறை.

காய்ச்சலுடன் கழுத்து விறைத்தால், உறைகளில் கிருமி புகுந்திருக்கக்கூடும். இடி விழுந்தாற்போல் திடீரென வலித்தாலும், கைகால் தளர்ந்து பேச்சுக் குழறினாலும் ஆபத்தே. அந்நேரம் கைவைத்தியம் வேண்டா; திருக்கோவிலூர் அரசு மருத்துவமனைக்கு உடனே விரைக.

மற்றபடி, இருண்ட அறையும் அமைதியும் சிறிது உறக்கமும் நோயாளிக்குப் பெருந்துணை. அந்நேரம் அடுப்படி வேலையைக் கணவரும் பிள்ளைகளும் ஏற்றுக்கொள்ளட்டும். பிணியாளரைச் சந்தித்தல் இரக்கச் செயல்களுள் ஒன்றென மறைக்கல்வியில் கற்றோம். அச்செயலை நம் வீட்டிலேயே தொடங்குவோம்.