வில்லுக்கத்தியும் ஒரு சாணைக்கல்லும்

என்னிடம் ஒரு வில்லுக்கத்தி இருக்கிறது. பெருநாள் சாமான் வாங்கக் கல்முனை பஸாருக்குப் போன இடத்தில், நடைபாதைக் கடையொன்றில் நானூறு ரூபா கொடுத்து வாங்கினேன். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைக் கண்டதும் வாப்பா கேட்ட முதல் கேள்வி, "பொம்புளப் புள்ளைக்கு இது என்னத்துக்கு மகள்?"

உம்மா அப்போது குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் காலை முதல் இரவு வரை கத்தி பிடிப்பது உம்மாவின் கைதான். அது வாப்பாவுக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நேரம் எனக்கும் தோன்றவில்லை.

வாப்பாவின் கேள்விக்குப் பின்னால் அவர் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு பயம் இருந்தது. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் வெடித்தது. சவளக்கடையிலிருந்து கிட்டங்கிப் பாலம் கடந்து கல்முனையைத் தாண்டினால் சாய்ந்தமருது. நான் அப்போது ஆறாம் ஆண்டு. மே முதல் வாரத்தில், வாள் போன்றவற்றை வைத்திருப்போர் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் அறிவித்தார்கள். அன்றாட வேலைக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு என்றும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் இந்த இரண்டாவது பகுதியை யாரும் காதில் வாங்கவில்லை.

மூத்தாப்பாவிடம் ஒரு பழைய வில்லுக்கத்தி இருந்தது. வயலுக்குப் போகும்போது சாரன் மடிப்பில் செருகிக்கொள்வார். உரப்பையின் தையலைப் பிரிக்கவும், கயிறு அறுக்கவும், வரம்பில் இருந்து வெள்ளரிப்பழம் வெட்டித் தின்னவும் அதுதான். ஒரு நாள் இரவு அதைப் பழந்துணியில் சுற்றி வாய்க்காலில் போட்டார்கள். "பாக்குவெட்டியையும் போடுறதா?" என்று மூத்தம்மா கேட்டது நினைவிருக்கிறது. இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. பாடசாலை திறந்தபோது, பென்சில் பெட்டிக்குள் பிளேட் துண்டு ஏதும் கிடக்கிறதா என்று உம்மா இரண்டு தரம் பார்த்துத்தான் என்னை அனுப்பினார்.

அந்தப் பயத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. அந்த நாட்களில் நானும் பயந்தவள்தான். ஆனால் அது போன பின்னும் நாம் அதை வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறோமே என்பதுதான் என் கவலை. மூத்தாப்பா மௌத்தாகும்வரை வேறொரு கத்தி வாங்கவேயில்லை. உரப்பையைப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. ஜப்பானில் மிகி என்ற நகரில் செய்யப்படும் 'ஹிகோனோகாமி' என்ற மலிவான மடிப்புக் கத்தி, ஒரு காலத்தில் அங்குள்ள பிள்ளைகள் பென்சில் சீவும் கத்தியாக இருந்தது. 1960 ஒக்டோபர் 12இல் டோக்கியோவில், சோசலிசக் கட்சித் தலைவர் அசனுமா மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது, பதினேழு வயது இளைஞன் ஒருவன் அவரைக் குத்திக் கொன்றான். என் வயது! அவன் கையில் இருந்தது குறுவாள். ஆனால் பிள்ளைகளிடம் கத்தியே வேண்டாம் என்ற இயக்கம் நாடெங்கும் பரவி, பென்சில் பெட்டியிலிருந்த ஹிகோனோகாமியும் காணாமற்போனது. பிறகு 1983 முதல் நாகானோ மாகாணத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலை தன் பிள்ளைகளுக்கு அதே கத்தியைக் கொடுத்து வருகிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளும் அதில்தான் பென்சில் சீவுகிறார்கள். நமக்கு இது கேட்கவே நெஞ்சு திக்கென்கிறது அல்லவா?

அவ்வளவு தூரம்கூடப் போகத் தேவையில்லை. பள்ளிவாசலுக்குள் அம்புகளோடு வந்த ஒருவரை நபி (ஸல்) அவர்கள் வெளியே போகச் சொல்லவில்லை; அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளும்படிதான் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது வருகிறது. அறுப்பதற்கு முன் கத்தியைக் கூராக்கிக்கொள்ளுங்கள், பிராணிக்கு வேதனை கொடுக்காதீர்கள் என்று ஏவியதும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நாம் இதைக் கேட்கிறோம். ஆனால் தீட்டுவது ஆண்களின் வேலை என்று விட்டுவிடுகிறோம்.

ஆகவே நான் தீட்டப் பழகினேன். கத்தியைவிட அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் போனது. ஹாட்வெயார் கடையில் ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் மென்மையாகவும் உள்ள சாணைக்கல் கிடைக்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, வழுக்காமல் இருக்க ஈரத்துணியின் மேல் வைக்க வேண்டும். அலகை எந்தச் சரிவில் பிடிப்பது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுவது. முதலில் கல்லுக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள், 90 பாகை. அதில் பாதி சரித்தால் 45. இன்னும் பாதி சரித்தால் ஏறத்தாழ 22. அது போதும். அந்தச் சரிவு மாறாமல், அடியிலிருந்து நுனிவரை, கல்லை மெல்லியதாகச் சீவுவதுபோல் தள்ள வேண்டும். கொஞ்ச நேரத்தில் மறுபக்க விளிம்பில் நகத்தில் தட்டுப்படும் மெல்லிய பிசிறொன்று எழும். அது அடியிலிருந்து நுனிவரை எழுந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். என் முதல் இரண்டு கிழமையும் வீணாகப் போனதற்குக் காரணம் இந்தப் பிசிறு தெரியாததுதான். கடைசியில் மென்மையான பக்கத்தில் பாரமில்லாமல் நாலைந்து தரம் இழுத்து, பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கித் தேய்த்தால் பிசிறு போய்விடும். கொப்பித் தாளைக் கிழிக்காமல் வெட்டினால் வேலை முடிந்தது.

மலிவான கத்தியின் இரும்பு மென்மையானது, சீக்கிரம் மழுங்கும். ஆனால் சீக்கிரம் கூராகவும் செய்யும். பழகுகிறவளுக்கு இதைவிட நல்லது இல்லை. கெட்டுப்போனாலும் நானூறு ரூபாதானே. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. இந்தக் கத்தியில் பூட்டு இல்லை. முதுகிலுள்ள வில்தான் அலகைப் பிடித்திருக்கிறது. நுனியால் குத்தினால் அது விரலின் மேலேயே மடிந்துவிடும்.

மொட்டையான கத்திதான் கையை வெட்டும். பௌதிகவியல் படிக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விளிம்பின் பரப்பு கூடக்கூட அதிக விசை கொடுத்து அழுத்துகிறோம், அழுத்தும்போதுதான் வழுக்குகிறது. உம்மாவின் இடது பெருவிரலில் உள்ள தழும்புகளை எண்ணியிருக்கிறேன், ஐந்து. எல்லாம் மொட்டைக் கத்தி தந்தவை. "வாப்பா வந்து தீட்டித் தரட்டும்" என்று காத்திருந்த நாட்களில் பட்டவை.

விவசாய விஞ்ஞானத்தில் அரும்பொட்டு படிக்கிறோம். வெட்டு பிசிறினால் மாறிழையங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது, ஒட்டு பட்டுவிடும். புத்தகத்தில் இதை எழுதிப் புள்ளி எடுக்கிறோம். கையில் கொடுத்தால் எத்தனை பேருக்கு வரும்?

பெற்றோர்கள் பதற வேண்டாம். கத்தியைப் பாடசாலைக்கோ பஸ்ஸிலோ கொண்டுபோகலாம் என்று நான் சொல்லவில்லை. என்னுடையது வீட்டிலும் வளவிலும் மட்டும்தான். நான் கேட்பது இவ்வளவே: விவசாய அறையின் அலுமாரியில் ஆறு கத்தியும் இரண்டு சாணைக்கல்லும் எண்ணி வைத்து, ஆசிரியையின் முன்னால் எடுத்து, எண்ணித் திருப்பி வைக்கும் ஒரு பாடவேளை. வீட்டில் மகளுக்கு முதலில் கல்லை வாங்கிக் கொடுங்கள், கத்தி குசினியிலேயே இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுக் கத்திகள் எல்லாம் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் என் முறை. போன கிழமை பக்கத்து வீட்டு மாமியும் ஒன்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். வாப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய தாக்கத்தி நேற்று என் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது.