பழத்தைப் பார்த்து வாங்குங்கள், பாட்டிலையும் பார்த்து வாங்குங்கள்

தீபாவளி நெருங்கினால் முறுக்கா, அதிரசமா என்ற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. வருகிறவர்களுக்குக் குடிக்க என்ன கொடுப்பது என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சாயம் கலந்த சீனித் தண்ணீர். ஆண்களுக்கு வீட்டின் பின்புறம் ஒரு பாட்டில். இப்படித்தானே பழகிவிட்டோம்? ரம் கலந்த பழபானம் என்று பெரிய ஹோட்டல்களில் விலை வைத்து விற்கிறார்களே, அதற்கு வேண்டிய பழமெல்லாம் நம் பினாங்குச் சந்தையிலேயே கிடைக்கிறது.

ரம் நமக்குப் புதிதன்று. சீனி எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகைப் புளிக்க வைத்து வடிப்பதுதான் ரம். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் சீனியோடு ரம்மும் தயாரானது. அங்கே ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்டியவர்களில் நம் தமிழர்கள் பலர்.

முதலில் அன்னாசி. கையில் எடுத்தால் கனக்க வேண்டும்; அடிப்பாகம் இனிமையாக மணக்க வேண்டும். புளித்த வாடை வந்தால் வேண்டாம். அடுத்து லீமாவ் கஸ்தூரி. தோல் மெல்லியதாக, வழவழப்பாக இருப்பதே சாறுள்ள காய். பரிமாறும் நேரத்தில் பிழியுங்கள். விதை நசுங்கினால் கசக்கும். இனிப்புக்கு வெள்ளைச் சீனியை விட குலா மெலாக்கா நல்லது. அதைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டிக் கொள்ளுங்கள்.

பினாங்குக்கே உரியது ஜாதிக்காய். 1800ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி மலுக்குத் தீவுகளிலிருந்து கொண்டுவந்து இங்கே நட்ட மரம் இது. பாலேக் புலாவ் பக்கம் இன்றும் காய்க்கிறது. அதன் சதையைச் சீனியோடு கொதிக்க வைத்து வடித்த சாறு, அன்னாசியோடு அருமையாகச் சேரும். கொட்டையைத் துருவிப் போடுவதென்றால் ஒரு சிட்டிகை போதும். அதிகமானால் உடம்புக்குக் கேடு.

அன்னாசிச் சாறு ஆறு பங்கு, ஜாதிக்காய்ச் சாறு இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, பாகு ஒரு பங்கு, நிறைய ஐஸ். இந்த ஜாடியில் ரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். இது பிள்ளைகளுக்கும், மலாய்க்கார நண்பர்களுக்கும், குடிக்காத எல்லாருக்கும் உரியது. வேண்டும் என்கிற பெரியவருக்கு அவருடைய குவளையில் மட்டும் 30 மில்லி ரம் அளந்து ஊற்றுங்கள். அந்தக் குவளைகளைத் தனியே வையுங்கள். இனிப்பு மதுவின் காரத்தை மறைத்துவிடும். ஆகவே கண்ணளவு கூடாது.

இனி பாட்டில். உரிமம் பெற்ற கடையில், முத்திரை உடையாத, தயாரித்தவர் பெயர் அச்சிட்ட பாட்டிலையே வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று பெயர் தெரியாத சம்சுவை வாங்காதீர்கள். அதில் மெத்தனால் கலந்திருந்தால் நிறத்திலோ மணத்திலோ சுவையிலோ கண்டுபிடிக்க முடியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் அப்படிப்பட்ட மதுவால் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். குடித்துப் பல மணி நேரம் கழித்தும் கண் மங்கலாம், வாந்தி வரலாம், மூச்சு வாங்கலாம். தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

பண்டிகை முடிந்து பள்ளி திறக்கும் காலையில், எந்த வீட்டில் இரவு சண்டை நடந்தது என்பது பிள்ளையின் கண்ணைப் பார்த்தாலே எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு அன்று பாடம் ஏறாது. எனவே இந்தத் தீபாவளிக்கு ஜாடியை வீட்டின் பின்புறம் வைக்காமல், பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். பழத்தை நறுக்கும் வேலையை அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள்.