டிஃபரன்ஷியல் கவர்: இரண்டு லிட்டர் ஆயிலின் கணக்கு

அமெரிக்காவில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை வேர்விட்டிருக்கிறது. ராம் 2500, ஃபோர்டு சூப்பர் டூட்டி, செவர்லே சில்வராடோ எச்.டி. என எதை வாங்கினாலும் சரி, கனமான டிரெய்லர் இழுப்பதாக இருந்தால் பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் கவரை மாற்றிவிட வேண்டும் என்பதே அது. கம்பெனி போட்டு அனுப்பும் கவர் மெலிந்தது என்கிறார்கள். ஃபின் வைத்த தடித்த அலுமினியக் கவரை மாட்டினால் கூடுதலாக ஆயில் கொள்ளும், சூடு குறையும், கிரவுன் வீலும் பினியனும் நீண்ட நாள் உழைக்கும், ஆக்சிலுக்கும் பலம் கூடும் என்று சொல்லப்படுகிறது. விலை ஏறத்தாழ 150 டாலரில் தொடங்கி 500 டாலரையும் தாண்டுகிறது.

சில வேலைகளுக்கு இந்தக் கவர் உதவவே செய்கிறது. ஆனால் எந்த வேலையைச் சொல்லி இது அதிகம் விற்கப்படுகிறதோ, அந்த டிரெய்லர் இழுக்கும் வேலையில் இதன் பலன் மிகச் சிறிது. சில வடிவங்கள் கெடுதலும் செய்கின்றன.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைப் பினியன் என்ற சிறு பல்சக்கரம் வாங்கி, கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைத் திருப்புகிறது. இந்த வண்டிகளில் இருப்பது ஹைப்பாய்டு வகைப் பல்சக்கரம். பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்யும். அந்த வழுக்கலில்தான் சூடு பிறக்கிறது. ஆயிலைச் சுற்றிவரச் செய்யப் பம்ப் கிடையாது. அடியில் தேங்கியிருக்கும் ஆயிலில் கிரவுன் வீல் முழுகி எழுந்து, அதை வாரிக்கொண்டு போய் மற்ற இடங்களில் சேர்க்கிறது. டிஃபரன்ஷியலின் ஆயுள் இந்த வாரியிறைப்பை நம்பியே இருக்கிறது.

கூடுதல் ஆயில் என்றால் குறைந்த சூடு என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்லும் காரணம். கணக்குப் போட்டால் இது நிற்கவில்லை. மேட்டில் டிரெய்லரோடு ஏறும் ஒரு வண்டியின் பின் ஆக்சில் வழியாக 100 கிலோவாட் சக்தி போவதாக வைத்துக்கொள்வோம். ஹைப்பாய்டு ஆக்சிலில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சூடாகப் போகும். நான்கு பங்கு என்று கொண்டால் நான்கு கிலோவாட். பெரிய கவர் கூடுதலாகக் கொள்ளும் ஆயில் இரண்டு லிட்டர், அதாவது ஏறத்தாழ 1.7 கிலோ. அதன் சூட்டை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்ற மூன்றரை கிலோஜூல் போதும். ஏழெட்டுக் கிலோ இரும்பும் அதே அளவு சூட்டைத்தான் வாங்கும். ஆக்சிலோ 150 கிலோவைத் தாண்டும் இரும்பு. 40 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடேற, அந்த இரண்டு லிட்டரால் கிடைக்கும் தாமதம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வெளியேறும் சூட்டையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் சிறிது கூடும். அவ்வளவுதான்.

அந்தத் தாமதத்துக்குப் பிறகு எந்த வெப்பநிலையில் ஆயில் நிலைக்கும் என்பதை முடிவு செய்வது உள்ளே உண்டாகும் சூடும் வெளியே போகும் சூடும் மட்டுமே. அடியில் எவ்வளவு ஆயில் தேங்கியிருக்கிறது என்பதற்கு அதில் பங்கில்லை. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை நோக்கி மலையேறும் வண்டிக்கு ஒரு நிமிடத் தாமதம் எதற்கும் உதவாது. ஏற்றம் அதைவிட நீளமானது. ஆயில் மட்டம் உயர்ந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. கிரவுன் வீல் அதிக ஆழத்தில் முழுகும். ஆயிலைக் கடைவதற்கே சக்தி வீணாகும். வேகமாக ஓடும்போது அதுவே புதிய சூடாகும்.

ஆயில் அதிகமிருந்தால் அழுக்கு அதில் பரவலாகக் கரையும், சேர்மானப் பொருட்களின் இருப்பும் கூடும் என்பது உண்மை. ஆனால் அதே பலனை ஆயிலைக் கொஞ்சம் முன்னதாக மாற்றியே அடையலாம். 2003 முதல் ராம் டீசல் வண்டிகளில் வந்த 11.5 அங்குல ஏ.ஏ.எம். ஆக்சில் கொள்வது நான்கு லிட்டருக்கும் குறைவு. நல்ல சிந்தெடிக் ஆயிலிலேயே பலமுறை மாற்றினாலும் ஒரு விலையுயர்ந்த கவரின் காசு மிஞ்சியிருக்கும்.

அடுத்து அலுமினியமும் ஃபின்களும். அலுமினியம் எஃகைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் சூடு தடைபடும் இடம் உலோகத்துக்குள் இல்லை. மூன்று மில்லிமீட்டர் எஃகுத் தகடு சூட்டுக்குக் கொடுக்கும் தடை, அதன் வெளிப்புறத்தில் காற்று கொடுக்கும் தடையில் முந்நூறில் ஒரு பங்கு அளவுதான். தகட்டை எந்த உலோகத்தில் செய்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக அசையாது. ஃபின்கள் பரப்பைக் கூட்டுவது நிஜம். ஆனால் கவர் இருப்பது ஆக்சிலின் பின்பக்கம். முன்னாலிருந்து வரும் காற்றை ஆக்சில் ஹவுசிங்கே மறைத்துவிடுகிறது. அந்த நிழலில் சுழலும் மந்தமான காற்றில் ஃபின்கள் பாதி பலனைக்கூடத் தருமா என்பது சந்தேகம். அதோடு ஹவுசிங்கும் இரண்டு பக்கத்து ஆக்சில் குழாய்களும் சூட்டை வெளியேற்றும் பரப்போடு ஒப்பிட்டால் கவர் ஒரு சிறு பங்கு. பளபளவென்று மெருகேற்றிய அலுமினியக் கவர்களில் இன்னொரு குறை. மெருகேற்றிய அலுமினியம் கதிர்வீச்சாக வெளியேற்றும் சூடு, பெயின்ட் அடித்த பரப்பு வெளியேற்றுவதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கண்ணுக்கு அழகு, வேலைக்கு நட்டம்.

இவையெல்லாம் பணம் வீணாகும் சங்கதிகள். உள்வடிவம் பற்றிய அடுத்த விஷயம் அப்படியல்ல, அதில் ஆக்சிலே ஆபத்தில் இருக்கிறது.

வண்டி முன்னோக்கி ஓடும்போது கிரவுன் வீலின் பின்பக்கம், அதாவது கவரை ஒட்டிய பக்கம், கீழிருந்து மேலே போகும். அது வாரிக்கொண்டு வரும் ஆயில் கவரின் உட்புறத்தைத் தொட்டபடி மேலேறி, உச்சியைக் கடந்து முன்னே விழுகிறது. முன்னே இருப்பது பினியனும் அதன் பேரிங்குகளும். டிஃபரன்ஷியலில் ஆயில் கிடைக்கச் சிரமப்படும் இடமும் அதுதான். கம்பெனிக் கவர்கள் பலவற்றின் உட்புறம் கிரவுன் வீலின் வட்டத்தை அணைத்தபடி வளைந்திருப்பது இதற்காக. தகடு மெலிந்தது என்று பார்ப்பவர்கள் அந்த வளைவைக் கவனிப்பதில்லை. கவர் அங்கே ஆயிலுக்கு வாய்க்கால்.

கூடுதல் ஆயில் கொள்ள வேண்டும் என்று பல மாற்றுக் கவர்களின் பின்சுவரைத் தட்டையாக்கி, ஆழத்தைக் கூட்டிவிடுகிறார்கள். வேகமாக வரும் ஆயில் அந்தத் தட்டைச் சுவரில் மோதிச் சிதறி, எதிர்த் திசையில் சுழன்று, காற்றைக் கலந்துகொண்டு நுரைக்கிறது. பினியனுக்குப் போகவேண்டியது பின்னாலேயே தங்கிவிடுகிறது. நுரைத்த ஆயிலுக்குப் பற்களுக்கிடையே படலமாக நிற்கும் திறனும் குறைவு, சூட்டைக் கடத்தும் திறனும் குறைவு.

இதைக் கண்ணால் பார்க்க வைத்தவர் கேல் பேங்க்ஸ். கலிபோர்னியாவின் அசூசா நகரில் டீசல் எஞ்சின்களுக்கான பாகங்கள் தயாரிக்கும் நிறுவனத்தின் தலைவர். அவருடைய பொறியாளர்கள் ஓர் ஆக்சிலைச் சோதனை மேடையில் ஏற்றிச் சுழலவிட்டு, பல வகைக் கவர்களுக்குள் ஆயில் ஓடும் விதத்தைப் படம்பிடித்து வெளியிட்டார்கள். தட்டைச் சுவர் கொண்ட ஆழமான கவர்களில் ஆயிலின் பாதை கலைந்து நுரைத்ததையும், கம்பெனிக் கவரின் வளைவு அதை ஒழுங்காக மேலே அனுப்பியதையும் அந்தப் படங்கள் காட்டின. பேங்க்ஸும் ஒரு கவர் விற்பவர்தான். தன் சரக்குக்காகத்தான் சோதித்தார் என்ற ஐயம் நியாயமானது. ஆனால் அந்தச் சோதனை முதலில் கேள்விக்குள்ளாக்கியது அவர் இருக்கும் வியாபாரத்தையே. அவர் விற்கும் கவரும் உட்புறத்தை வளைவாக வைத்துக்கொண்டு, அடியிலிருந்து காற்றைப் பிடித்து ஃபின்கள் மேல் செலுத்தும்படி அமைந்திருக்கிறது. அதாவது வடிவம், காற்றோட்டம் இரண்டையும் தீர்க்காத கவரால் பயனில்லை என்பதை விற்பவரே ஒப்புக்கொள்கிறார்.

ஆக்சிலுக்குப் பலம் கூடும் என்ற வாதத்துக்கு வரலாறே பதில் சொல்கிறது. 1989இல் இன்றைய ராமின் முன்னோடியான டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் முதலில் வந்தபோது அதன் டார்க், அதாவது முறுக்கு விசை, 400 பவுண்டு-அடி. பின்னால் இருந்தது 10.5 அங்குல கிரவுன் வீல் கொண்ட டானா 70 ஆக்சில். 2003இல் டார்க் 555 வரை போனபோது 11.5 அங்குல ஏ.ஏ.எம். ஆக்சில் வந்தது. 2019இல் ராம் 3500 ஆயிரம் பவுண்டு-அடியைத் தொட்டபோது கிரவுன் வீல் 12 அங்குலமானது. சுமை கூடக்கூடப் பொறியாளர்கள் பெரிதாக்கியது பல்சக்கரத்தை. பினியன் தள்ளும் விசையைத் தாங்குவது வார்ப்பிரும்பு ஹவுசிங்கும் பேரிங் கேப்புகளும். கேப்புகளை அழுத்திப் பிடிக்கும் போல்ட்டுகள் கொண்ட கவர்கள் இருக்கின்றன; அவை டிராக் ரேஸ் கார்களின் சிறிய ஆக்சில்களுக்கு உதவும். டீசல் பிக்கப்பின் பெரிய ஆக்சிலில் சாதாரண மாற்றுக் கவர் வெறும் மூடிதான்.

கம்பெனி மலிவாகச் செய்து ஒப்பேற்றுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு அரிசோனாவில் ஒரு சாலையைக் காட்டலாம். கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள புல்ஹெட் சிட்டியிலிருந்து மலைமேல் ஏறும் அந்த வழிக்கு டேவிஸ் டேம் ஏற்றம் என்று பெயர். வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ. 2008இல் வெளியிட்ட ஜே2807 என்ற இழுவைத் தரம் அங்கே ஒரு தேர்வு வைக்கிறது. அறிவித்த முழுச் சுமையோடு, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏ.சி.யை முழுவேகத்தில் ஓடவிட்டபடி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஏற வேண்டும். பின்னால் ஒற்றை டயர் வண்டி மணிக்கு 40 மைலுக்கும், இரட்டை டயர் வண்டி 35 மைலுக்கும் கீழே இறங்கக் கூடாது. இந்தத் தரத்தை 2011இல் டொயோட்டா முதலில் ஏற்றது. பிறகு மற்ற கம்பெனிகளும் படிப்படியாக ஏற்றன. இந்த ஏற்றத்தை ஏறி முடிப்பது கம்பெனிக் கவர் மாட்டிய வண்டிதான்.

மாற்றுக் கவர்களோடு வரும் வடிகால் போல்ட்டும் ஆயில் பார்க்கும் குச்சியும் வசதியானவைதான். கம்பெனிக் கவரில் வடிகால் இல்லாத ஆக்சிலுக்கு இந்த வசதிக்காகவே கவர் வாங்குவது தப்பில்லை. ஆனால் கவரைக் கழற்றினால்தான் பற்களைப் பார்க்க முடியும், அடியில் படிந்த சேற்றைத் துடைக்க முடியும் என்பதையும் மறக்கக் கூடாது.

எங்கே மாற்றுக் கவர் கொடுத்த காசுக்குத் தகும்? யூட்டாவின் மோவாப் பாறைகளிலும் கலிபோர்னியாவின் ரூபிகான் பாதையிலும் ஊர்ந்து ஏறும் வண்டிகளுக்கு. அங்கே ஒரு கல் மெல்லிய தகட்டைக் கிரவுன் வீல்மேல் நசுக்கிவிடும். தடித்த வார்ப்பிரும்புக் கவர் காப்பாற்றும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் பகுதிகளில் தகடு துருப்பிடித்து ஆயில் கசியத் தொடங்கும். எப்படியும் புதிதாக ஒன்று வேண்டும். அப்போதும் உட்புறம் வளைந்ததையே கேட்டு வாங்க வேண்டும். கனரகச் சுமையோடு தினமும் மலையேறும் தொழில்காரர் முதலில் ஆயிலில் ஒரு வெப்பமானி பொருத்திப் பார்க்கட்டும். எண் உயர்ந்து காட்டினால் அப்புறம் காற்றோட்டமுள்ள கவரைப் பற்றி யோசிக்கலாம்.

மற்றவர்களின் டிஃபரன்ஷியல் கெடுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் வேறு. பினியன் சீலில் கசிந்து ஆயில் குறைந்திருக்கும். புது வண்டியைப் பல்சக்கரங்கள் பழகும் முன்பே முழுச் சுமையில் ஓட்டியிருப்பார்கள். செவர்லே கையேடு முதல் 500 மைலும் ஃபோர்டு கையேடு முதல் 1,000 மைலும் டிரெய்லர் இழுக்க வேண்டாம் என்கின்றன. படகு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. நெடுந்தூரம் இழுத்து வந்த சூட்டோடு ஆக்சில் ஏரித் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் என்ற காற்றுத் துளை அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆயில் பால்போல வெளுத்துப் பேரிங் துருப்பிடிக்கும். எந்தக் கவரும் இதைத் தடுக்காது. பிரீதரைச் சுத்தம் செய்து, அதன் குழாயைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் சேஸிஸோடு கட்டிவைக்க ஆகும் செலவு சில டாலர்கள்தான்.